லீவு வேண்டுமா, லத்தீன் எழுது

மைசூரில் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனிக்குக் கிருஷ்ணராஜ் எச்.ஆர். மேனேஜராக வந்த நாளிலிருந்து, காலர் தைக்கும் காவேரிக்கு ஊசியைவிட ஆங்கிலம்தான் அதிகம் குத்தியது.

தினமும் காலையில் பலகையில் ஓர் அபூர்வ ஆங்கில வார்த்தை எழுதுவார். பொருள், பிறப்பு, வளர்ப்பு எல்லாம் மைக்கில் சொல்வார். அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். லீவு கேட்பவர் அன்றைய வார்த்தையைச் சரியாக வைத்து ஒரு வாக்கியமாவது விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். மற்றதைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதிக்கொள்ளலாமாம். என்ன தாராளம் பாருங்கள்.

போன மாதம் அயர்ன் பிரிவு லிங்கப்பனின் அம்மா இறந்துபோனாள். அன்றைக்குப் பலகையில் பெட்ரிகோர். முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை. கிரேக்கத்தில் கல்லும் தேவர்களின் ரத்தமும் சேர்ந்த சொல் என்று கிருஷ்ணராஜ் உருகினார். 'அம்மாவைப் புதைக்கிற இடத்தில் பெட்ரிகோர் வரும்' என்று லிங்கப்பன் எழுதிக் கொடுத்தான். மழையில்லாமல் எப்படி வரும் என்று சிவப்பு மையில் சுழித்து, அரை நாள்தான் கொடுத்தார். அவன் சொந்த ஊரான கோபிநத்தம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. நாசமாய்ப் போன வார்த்தை.

இப்போது காவேரியின் முறை. தங்கை தீபாவுக்கு வெள்ளிக்கிழமை கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் சிசேரியன். மாப்பிள்ளை துபாயில். பக்கத்தில் நிற்க அக்காவை விட்டால் ஆளில்லை. வியாழன் காலை பலகையில் டிஃபெனஸ்ட்ரேஷன். ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது. லத்தீனில் ஜன்னலுக்கு ஃபெனஸ்ட்ரா. நானூறு வருஷத்துக்கு முன் பிராக் நகரத்தில் அதிகாரிகளை அப்படித்தான் எறிந்தார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

டீ நேரத்தில் காவேரி எழுதினாள். எழுதியதைத் தன் தையல் லைனில் இருந்த எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். மாலையில் மாடியேறி அவர் மேஜையில் வைத்தாள்.

'தங்கைக்கு ஆபரேஷன். மூன்று நாள் லீவு கொடுக்காவிட்டால் உங்களுக்கு டிஃபெனஸ்ட்ரேஷன் செய்வோம். பிராக்கில் விழுந்தவர்கள் பிழைத்துக்கொண்டதாக நீங்களே சொன்னீர்கள். இது இரண்டாவது மாடி, கீழே சிமெண்டுத் தரை.'

இது மிரட்டலா என்று கேட்டார். குரல் கீச்சென்று வந்தது.

"மெரட்டலுங்களா? வாக்கியமுங்க சார். வார்த்தை சரியாப் பொருந்தியிருக்குதுங்களா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நாற்பது பெண்கள். அவர்களுக்கு முன்னால் லிங்கப்பன். போலீஸைக் கூப்பிடலாம்தான், ஆனால் வந்தவர்களிடம் லீவுச் சட்டத்தை முதலில் விளக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணராஜ் வாக்கியத்தை மூன்று முறை படித்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.