சோக்கை இழுத்து இரண்டு மிதி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்துச் சொன்னது. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் தலையாட்டலுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பனி விலகாத ஒரு காலையில்..." (இப்படித் தொடங்கி ஏற்கெனவே நான் நாலைந்து கதைகள் கெடுத்திருக்கிறேன்.)

"கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து..." (யார் படிப்பார்கள்?)

"அவளுடைய கணவருக்கு" (இந்த வாக்கியத்தை முடித்தால் கதையும் முடிந்துவிடும். அப்படியே கிடக்கட்டும்.)

2

அவள் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருப்பார்கள். தினமும் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவது கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர்.*

கார் முப்பது வயதைத் தாண்டியது. குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் கிளம்ப மறுத்தது. செல்ஃப் எடுக்கும், எஞ்சின் பற்றாது, பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும். மத்தியானம் அதே வண்டி சமர்த்தாகக் கிளம்பும். ஒரு வாரமாக அவள் பஸ் பிடித்து, தாமதமாகப் போய், பசியோடு இருக்கும் முகங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

* உண்மையில் அவர் பார்த்தது வேறு வேலை. அடையாளம் தெரியக்கூடாது என்று மாற்றினேன். மாற்றிய பிறகு, நான் எழுதுவதையெல்லாம் அவர் பென்சிலோடு படிப்பது போல ஒரு கூச்சம்.

3

இங்கே கொஞ்சம் விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்கும் அரைகுறையாகத்தான் புரிந்தது.

"குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலா வேணும். சோக்கை இழுத்தா காத்து குறையும், பெட்ரோல் தூக்கலாகும். ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சா இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ஆனா ஜாஸ்தியாப் போச்சுன்னா பிளக் நனைஞ்சிடும், பத்தாது" என்றார் மெக்கானிக்.

"கம்மியானா?"

"அப்பவும் பத்தாது."

"அப்போ எதுன்னு எப்படித் தெரியும்?"

"பிளக்கைக் கழட்டிப் பார்த்தா தெரியும். கரியும் ஈரமுமா இருந்தா ஜாஸ்தி. காஞ்சு வெளுத்திருந்தா கம்மி."

அவர்கள் வண்டியில் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சோக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, அதோடு சேர்ந்து பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி. வண்டியை ராத்திரி முழுக்கத் தன் பட்டறையிலேயே குளிரில் போட்டுவைத்தார். காலையில் ஒரே சாவியில் கிளம்பியது. வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை, பழைய குருடி கதவைத் திற...

(அடித்துவிட்டேன். இது என் கைச்சரக்கு.) மறுநாள் காலை கிளம்பவில்லை.

4

அதற்கடுத்த நாள் ஆறரை மணிக்கு மெக்கானிக்கே வீட்டு வாசலில் நின்றார். வழக்கமாக அந்த நேரத்தில் உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கும் அவளும் அன்று வெளியே வந்து நின்றாள்.

கணவர் உட்கார்ந்தார். சோக்கை இழுத்தார். இரண்டு மிதி. சாவியில் கை வைத்தவர், கண்ணாடியில் ஈரம் படிந்திருப்பதைப் பார்த்து, துணியை எடுத்துத் துடைத்து மடித்து வைத்தார். பிறகு சோக்கைத் தொட்டுச் சரிபார்த்தார். இரண்டு மிதி. "பையை எடுத்துக்கிட்டியா?" என்றார். "எடுத்துட்டேன்" என்றாள். சோக்கைத் தொட்டார். இரண்டு மிதி.

ஐந்து தடவை, மொத்தம் பத்து மிதி. ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல், அதுதான் முதல் தடவை என்பது போல.

சாவியைத் திருகினார். பற்றவில்லை.

"பாத்தீங்களா? ஒரு வாரமா இதேதான்" என்றார் கணவர்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் கணவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

கேட்டருகே மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, வண்டியில ஒண்ணுமில்ல."

"தெரியுது."

"சாருக்கு..."

"கார்புரேட்டர்லதான் கோளாறுன்னு சொல்லிடுங்க தம்பி."

"எப்படிக்கா சொல்றது?"

"இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் நான் ரிசல்ட்டை வாயால சொன்னதில்ல. கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்துடுவேன். எனக்குச் சொல்ல வராது."

ஆகவே, நன்றாக இருந்த கார்புரேட்டரை மெக்கானிக் கழற்றி ஒரு துணிமேல் பரப்பினார். "மிதவை ஏறியிருக்கு சார், அதான் பெட்ரோல் வழியுது" என்றார். கணவர் உள்ளே போய் ஸ்டீல் ஸ்கேலும் வண்டியோடு வந்த பழைய கையேடும் எடுத்து வந்தார். மிதவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்தார். இன்னொரு முறையும் அளந்தார்.

"சரியாத்தானே இருக்கு."

மெக்கானிக் துணிமேல் கிடந்த திருகுகளை எண்ண ஆரம்பித்தார். கணவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அப்போ கோளாறு நான் பண்றதுலயா?"

6

முடிவுகள்.

அ) "இல்லைங்க, வண்டி பழசாயிடுச்சு" என்கிறாள். (அளந்து பார்த்த மனுஷனிடம் இது எடுபடாது.)

ஆ) "ஆமாம். டாக்டர்கிட்டப் போவோம்" என்கிறாள். (ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருக்கிறது.)

இ) அழுகிறாள். (மெக்கானிக்கிடம் கேட்டேன். அழவில்லையாம்.)

"வேற என்னதான் நடந்துச்சு?" என்றேன்.

"புருஷன் பொண்டாட்டி பேசறப்ப எனக்கு அங்க என்ன வேலை? சாயங்காலம் வந்து மாட்டறேன்னு கிளம்பிட்டேன்."

"சாயங்காலம்?"

"மாட்டினேன். சார்தான் டார்ச் பிடிச்சார். அக்கா பக்கத்துல நின்னாங்க. யாரும் ஒண்ணும் பேசல."

சொல்லிவிட்ட மௌனமா, சொல்லாத மௌனமா? எட்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. பேனா என் கையில் இருப்பதால் மட்டும் அவளுக்கு வராத வார்த்தை எனக்கு வந்துவிடுமா?

அன்று காலை கிளம்பிக் கேட்டைச் சாத்தும்போது ஒன்றே ஒன்று தன் காதில் விழுந்ததாக மெக்கானிக் சொன்னார். கணவர் பக்கத்தில் அவள் தரையிலேயே உட்கார்ந்து, "என்னங்க" என்று ஆரம்பித்தாளாம்.

அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அவள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.