கையொப்பம் பொருந்துகிறது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மேகலா, காட்பாடி போகும் ரயிலில் சொன்னது. பேர்களை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலாற்றில் மணல் மட்டும் இருந்த ஒரு மதியம், புஷ்ரா...'

(வேண்டாம். ஆற்றுக்கும் அவள் துக்கத்துக்கும் சம்பந்தமில்லை.)

2

புஷ்ரா அதே கம்பெனியில் தரம் பார்ப்பவள். தானிஷோடு நிச்சயம் முடிந்திருந்தது. அவன் போர்ச்சுகலில் ஒரு தோல் நிறுவனத்தில் வேலைக்குப் போனான். ஒருநாள் அவனது நிறுவன முகவரியிலிருந்து இங்கிலீஷில் மெயில் வந்தது: கல்யாணம் வேண்டாம், என்னைத் தேடாதே. அதன்பின் அவள் அழைத்தால் அவன் எடுப்பதில்லை.

அவன் அவளுக்கு இங்கிலீஷில் எழுதியதே இல்லை. யாரோ அவன் பேரில் அனுப்பியிருக்கிறார்கள் என்றாள். பொய்யென்று நிரூபித்துத் தரும்படி மேகலாவிடம் வந்தாள்.

3

அனுப்பும் நிறுவனத்தின் சர்வர், மெயிலில் ஒரு ரகசியச் சாவியால், அதாவது ஒரு நீண்ட எண்ணால், கையொப்பமிடும். அதைச் சரிபார்க்கும் இன்னொரு சாவி, நிறுவனத்தின் டொமைன் என்ற இணையப் பெயருக்கான பதிவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். மேகலா சோதித்தாள். பொருந்தியது.

"அவங்க கம்பெனிலேர்ந்துதான் வந்திருக்கு. வழியில யாரும் திருத்தலை."

"அவர்தான் டைப் பண்ணாருன்னு சொல்லுதா அக்கா?"

"அதைச் சொல்லாது."

(இந்த இடத்தில் மேகலாவைச் சந்தேகித்தேன். உள்ளதைச் சொன்னாளா, அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டினாளா? கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.)

4

ஒரு முடிவு: தானிஷின் கணக்கில் வேறொருவன் புகுந்திருந்தான். எழுதி, அடித்துவிட்டேன். ஆறுதல் எனக்குத்தான் தேவைப்பட்டது.

இன்னொன்று: புஷ்ரா அழுதாள், தேறினாள், பிறகு ஒருநாள்...

(இதுவும் வேண்டாம். அவள் தேறியதை யார் பார்த்தார்கள்?)

நடந்தது இதுதான். மேகலாவின் போனை வாங்கி அவனை அழைத்தாள். எடுத்தான். யாரென்று கேட்டான். பின்னால் பலர் பேசிச் சிரிக்கும் சத்தம். புஷ்ரா வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

"நல்லாத்தான் இருக்கார் அக்கா" என்றாள். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அதுவரை தொழுகையில் அழுதுகொண்டிருந்தவள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாதனூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

5

அந்த மெயிலுக்கு அவள் இன்னும் பதில் போடவில்லையாம். நான் சில பதில்களை எழுதிப் பார்த்தேன். கோபமாக ஒன்று, மன்னித்து ஒன்று. எல்லாம் என் நடையில் இருந்தன. அவள் பேரில் ஒரு வரிகூட நான் அனுப்பக் கூடாது.

வாசகரே, நீங்களும் மனதுக்குள்கூட அனுப்பாதீர்கள்.