பெண்களுக்கென்று தனி ஓடு

ஷோபனா அக்காவின் வலது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "சுவத்துல குத்துனியாம்மா? வீட்டுக்காரர் மேல அவ்ளோ கோவமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஓடு ஒடைச்சேன்."

"ஒடைஞ்சுதா?"

"இல்ல சார்."

டாக்டர் சிரித்தார். அக்காவை பைக்கில் கூட்டிவந்திருந்த அவள் கொழுந்தன் குமரேசன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். நான் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். எனக்கு சிரிப்பு வரவில்லை.

அக்கா என் பெரியம்மா மகள். அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் கைத்தறி. ஊடுநூல் சுற்றிய நாடா குறுக்கே ஓடுவதற்கான கயிற்றை வலது கைதான் இழுக்க வேண்டும். மாவுக்கட்டு போட்டால் தறி நிற்கும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

அவளை கராத்தே வகுப்புக்கு அழைத்துப்போனது நான்தான். நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். அக்காவுக்கு இரண்டாவது குழந்தைக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலி. பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் சனி, ஞாயிறு காலைகளில் பெண்களுக்கு வகுப்பு நடந்தது. நாங்கள் கிளம்பும்போது ஆண்கள் வகுப்பு தொடங்கும். 'உடல் வலிமை, மன உறுதி' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

தீனதயாளன் மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல குரல். எதற்கெடுத்தாலும் மனசு என்பார். தண்டால் எடுக்க முடியாமல் கீழே விழுந்தால், "கை விழலம்மா, மனசு விழுந்துச்சு" என்பார். எனக்குக் கத்த வராது. குத்தும்போது எல்லோரும் அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள், எனக்குக் காற்று மட்டும் வரும். "இன்னாம்மா லேபு, சத்தத்த டெஸ்ட் டியூப்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அவள் கத்தினால் மண்டபத்துப் புறாக்கள் எழுந்து மலைப்பக்கம் பறக்கும்.

பெல்ட் தேர்வுக்கு மூன்று ஓடுகளை அடுக்கி உடைக்க வேண்டும். மூன்று வாரம் பழகினோம். அக்கா முதல் அடியிலேயே மூன்றையும் உடைத்தாள். நானும் உடைத்தேன். பத்து வயதுப் பிள்ளைகள்கூட உடைத்தார்கள். அன்று பஸ் நிலையம்வரை அக்கா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு போனாள்.

பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். தறிக்காரத் தெரு முழுக்க அவள் ஓடு உடைத்த கதையைச் சொல்லியிருக்கிறாள். குமரேசன் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் ஓட்டை உருவிக்கொண்டு வந்து இரண்டு செங்கல்மேல் வைத்தான்.

"மூணு வேணாம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு. தெருவே பாத்துகினு கீது."

"ஒடைச்சிட்டா இன்னாடா பண்ணுவ?"

"மொட்ட அடிச்சிக்கிறேன், போ."

அவள் அடித்தாள். ஓடு அப்படியே இருந்தது.

மாவுக்கட்டு போட்ட அன்று மாலை மாஸ்டர் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய மாமியாரும் இருந்தார்.

"அடியில தப்பில்லம்மா," என்றார் மாஸ்டர். "மனசுலதான் தப்பு. கடைசி நேரத்துல சின்னதா ஒரு பயம் வந்திருக்கும். பயம் வந்தா கை நின்னுடும். அதுக்குதான் மனசு மனசுன்னு அடிச்சிக்கிறேன். ஞாயித்துக்கிழம தேர்வுக்கு வந்துடு. ஊக்கப் பரிசு ஒண்ணு தரேன்."

"ஆங் மாஸ்டர்."

போனை வைத்த பிறகு, "பயந்தியாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலடி. பயந்துதான் இருப்பேன். இல்லனா ஏன் ஒடையல?"

மாமியார், "அவரே சொல்லிட்டாரு பாரு. மனசுல தெம்பு இல்லாதவளுக்கு இந்த ஆட்டம்லாம் எதுக்கு?" என்றார். முன்பெல்லாம் மாமியார் ஒன்று சொன்னால் அவள் மூன்று சொல்வாள். அந்த வாரம் முழுக்க, வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள்: எனக்குத்தான் மனசுல தெம்பு பத்தல. குமரேசன் அவளை 'பிளாக் பெல்ட்' என்று கூப்பிட்டபோதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் நாற்காலி போட என்னை வரச்சொல்லியிருந்தார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் துடைப்பம் எடுக்கப் போனேன். உடைந்த ஓடுகளை அங்கேதான் கொட்டிவைப்பார்கள். இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று ஆண்கள் உடைத்தது. ஓரமெல்லாம் பல்பல்லாக, கோணல்மாணலாக இருந்தது. இன்னொன்று எங்களுடையது. எல்லாத் துண்டும் நேர்கோட்டில் உடைந்திருந்தது.

கல்லூரி லேபில் கண்ணாடிக் குழாயை உடைக்க வேண்டுமென்றால் அரத்தால் ஒரு கோடு போடுவோம். பிறகு இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் போதும். கோட்டில் சுத்தமாக உடையும். பலமே வேண்டாம்.

ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். பாதி கனத்துக்கு மழமழவென்று இருந்தது. மீதிதான் உடைந்த பகுதி. மாடிப்படிக்குக் கீழே, சாக்கு போட்டு மூடி, மறுநாளைக்கான ஓடுகள் இருந்தன. சாக்கைத் தூக்கினேன். சுவரோரம் இருந்த அடுக்கில் ஒன்றைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. அடுத்த அடுக்கில் ஒன்றைத் திருப்பினேன். நடுவில் குறுக்காக ஒரு கோடு. ஆக்சா பிளேடால் அறுத்து, செங்கல் பொடியைக் குழைத்துப் பூசி மறைத்திருந்தார்கள். நகத்தால் கீறினேன். பொடி உதிர்ந்தது.

என் காது சுட்டது. வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த ஓட்டைக் கையில் பிடித்தபடி மாஸ்டர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். அவர் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைப் பார்த்தார். மைக்கை அணைத்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"நல்ல பொண்ணு. பாரும்மா, இதெல்லாம் ஒரு நம்பிக்கைக்குதான். ஒரு வாட்டி ஒடைச்சிட்டா பொம்பளப் பிள்ளைங்களுக்கு தானா தைரியம் வந்துடும். சும்மா குடுக்குற சக்கர மாத்திர மாதிரி வெச்சிக்கோயேன். நீதான் சயின்ஸ் படிச்ச பொண்ணாச்சே."

"பசங்களுக்கு?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பசங்களுக்கு இன்னாத்துக்கு? அவனுங்க நெஜமாவே ஒடைப்பானுங்க."

"அக்காவுக்கு கை ஒடைஞ்சிருக்குது மாஸ்டர்."

"வீட்ல பண்ணக்கூடாதுன்னு சொல்லிகினேதானே கீறேன்? யாரு பண்ணச் சொன்னது?" அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. "நாளைக்கு வெளியூர்லருந்து பெரியவங்கல்லாம் வராங்க. சின்னப் பொண்ணுங்க ஆசையா இருக்குதுங்க. கெடுத்துடாத. போ, நாற்காலி போடு."

நாற்காலி போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் மற்றதும் புரிந்தது. ஆண்கள் வகுப்பில் அவர் ஒவ்வொருவன் கையையும் பிடித்து, எந்த இடம் ஓட்டில் பட வேண்டும் என்று தொட்டுக் காட்டுவார். உள்ளங்கையின் அடிப்பக்கச் சதை. மணிக்கட்டு மடங்கக் கூடாது. எங்களிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. "மனச வைங்கம்மா" என்பார். எப்படி அடித்தாலும் உடைந்தது. உடைந்ததால் சரியாக அடித்தோம் என்று நினைத்தோம். அக்கா சுண்டுவிரல் எலும்பால் அடிக்கக் கற்றுக்கொண்டது அவருடைய ஓட்டில்தான். அதையே மாட்டுக் கொட்டகை ஓட்டிலும் செய்தாள். பயமும் இல்லை, மண்ணும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள், பாட்டன் பாட்டிகள், முன்வரிசையில் பட்டு வேட்டிகள். அக்கா கழுத்தில் தொங்கவிட்ட கட்டோடு இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் குமரேசன். நான் முந்தின இரவே போன் செய்து சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நம்பமாட்டாள் என்று நினைத்தேன். என்னைவிட மாஸ்டரைத்தான் நம்புவாள்.

ஆண்கள் முடித்தார்கள். பெண்களில் என் பெயரை முதலில் கூப்பிட்டார் மாஸ்டர். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

மண்டியிட்டேன். மூன்று ஓடுகள். மேல் ஓட்டை எடுத்துத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்துப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கீழே இருந்தவர்களுக்கு அது வெறும் ஓடு. "இன்னாம்மா, வெல சொல்லப் போறியா?" என்று ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது. மாஸ்டர் மைக்கில், "கொஞ்சம் கூச்சம். கை தட்டுங்க, கை தட்டுங்க" என்றார். கை தட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கினேன். நேராக அக்காவிடம் போய் ஓட்டை அவள் மடியில் கவிழ்த்து வைத்தேன். அவள் இடது கை விரலை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன்.

"இன்னாடி இது?"

"அறுத்து வெச்சிருக்காங்க. நம்ப ஓடு எல்லாத்தையும். பசங்களது முழுசா கீது."

அவள் விரல் அந்தக் கோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. பொடி அவள் புடவையில் கொட்டியது. குமரேசன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேடையில் வரிசையில் நின்ற கவிப்பிரியா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, நான் செய்ததைப் பார்த்துவிட்டுத் தன் ஓட்டைத் திருப்பியிருக்கிறாள். "மாஸ்டர், என்னுதுலயும் கோடு கீது!" என்று கத்தினாள். நல்ல கத்தல். அவரேதான் கற்றுக்கொடுத்தது. மற்றப் பிள்ளைகளும் திருப்பினார்கள். மண்டபத்தில் சிரிப்பு நின்றது.

அக்கா எழுந்தாள். ஓட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

"மாஸ்டர், போன்ல இன்னா சொன்னீங்க?"

"அப்புறம் பேசலாம்மா. பெரியவங்கல்லாம் இருக்காங்க."

"இருக்கட்டும். இன்னா சொன்னீங்க? எனக்கு மனசுல தப்புன்னு சொன்னீங்களா இல்லயா?"

"ஷோபனா, கீழ எறங்கும்மா."

"ஒரு வாரமா ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன், எனக்குதான் மனசு சரியில்லன்னு. என் மாமியா கேட்டாங்க, என் வீட்டுக்காரர் கேட்டாரு. எல்லார்கிட்டயும் நானே சொன்னேன். எதுல தப்பு? என் மனசுலயா, உன் ஓட்லயா?"

அவரை அவள் 'உன்' என்று சொன்னது மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர், "ஏம்மா, மரியாதை" என்றார்.

"நீங்க உக்காருங்க சார்," என்றாள் அக்கா.

மாஸ்டர் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது.

"கேக்கல. மைக்ல சொல்லு."

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகள் ஓடுகளைக் கவிழ்த்துப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்லதான்," என்றார் மைக்கில். அதற்குமேல் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வரவே இல்லை. மைக்கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குமரேசன் பைக்கை எடுத்துவந்து, "அண்ணி, ஏறுங்க" என்றான். "நீ போடா," என்றாள் அக்கா. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நாங்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அம்மையார்குப்பம் வழியாகப் போகும் பள்ளிப்பட்டு பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை கூட இருக்கலாமென்று நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ நா ஒரு ஓடுகூட ஒடைக்கலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா," என்றேன்.

அவள் வெளியே பார்த்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.

"தேவ்டியாப் பையன்," என்றாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, தண்ணீர் இல்லை. "நேத்து ராத்திரியே நீ எனக்குச் சொல்லி இருக்கணும்டி. கூட்டத்துக்கு நடுவுல மடியில கொண்டாந்து வைக்கிற."

"என்னால பேச முடியலக்கா."

"முடியலன்னா கத்துக்கோ. எறங்கு, வண்டி கெளம்புது." நான் எழுந்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் சரிசெய்துகொண்டாள். "கட்டு பிரிக்கிறதுக்குள்ள வேற எடம் விசாரிச்சு வை. எங்க அடிக்கணும்னு கையப் புடிச்சு காட்டுற எடமா பாரு. மனசு கினசுன்னு எவனாவது ஆரம்பிச்சா அங்கயே வேணாம்னு சொல்லிட்டு வந்துடு."

"நானா சொல்றது?"

"நீதான்," என்றாள்.