வெள்ளை என்றால் ஆழம்

கடல் வரைபடம் காட்டும் டேப்லெட்டைச் சுக்கானுக்கு மேலிருந்த தாங்கியில் பொருத்திவிட்டு, லோவ்ரே இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று அதைப் பார்த்தார். தேவாலயத்துக்குப் புதிதாக வந்த சொரூபத்தைப் பார்க்கிற பக்தி அந்தப் பார்வையில் இருந்தது. பக்கத்துப் படகில் வலையிலிருந்து பாசியை உருவிக்கொண்டிருந்த பெரோ தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"லோவ்ரே ஐயா, கடலுக்குப் போறீங்களா, டிவி பாக்கப் போறீங்களா?"

லோவ்ரே சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். பணிக்காலம் முழுவதும் துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து படகோட்டும் உரிமத்துக்குத் தேர்வு நடத்தியவர் அவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. அட்ரியாட்டிக் கடலின் முர்த்தெர் தீவில் அவரிடம் ஒரு தடவையாவது தோற்காத ஆண்பிள்ளை அபூர்வம். அத்தனை காலத்தில் அவர் ஒரு படகின் கயிற்றைக்கூடத் தன் கையால் அவிழ்த்ததில்லை என்பதும் தீவுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் முதலில் தங்கப் பட்டை வைத்த தொப்பியை வாங்கினார். அப்புறம் தொப்பிக்கு ஒரு படகு. படகுக்கு டேப்லெட்.

ஆனால் இன்று அவருக்கு ஊரைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் முன்தளத்தில் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த துன்யாவைப் பற்றி. அவர் மனைவிக்குத் தண்ணீர் என்றாலே பயம். கெஞ்சிக் கூத்தாடியதில் கடைசியாக ஒப்புக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை வரேன். பயந்துட்டேன்னா அப்புறம் கூப்பிடக் கூடாது. நான் வீட்டுல, நீ கடல்ல." போன கோடை முழுவதும் அவர் தனியாகத்தான் அலைந்தார். ஆளில்லாத குடாவில் நங்கூரம் போட்டு, தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் நறுக்கித் தட்டில் வைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது என்ன மாதிரி என்று அவருக்குத் தெரியும். இன்னொரு கோடை அப்படிப் போனால் தாங்காது.

அதனால் அன்று எல்லாவற்றையும் அவளுக்காகவே செய்தார். டேப்லெட் 'பீப் பீப்' என்று எச்சரித்தபோது அவள் திடுக்கிட்டாள். ஒலியை அணைத்தார். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் மூன்றாம் முறை கேட்டபோது, இரண்டு விரலால் திரையைச் சுருக்கி, டேப்லெட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினார். படகைக் குறிக்கும் அம்பும் போகவேண்டிய தீவும் ஒட்டிப் பிறந்தவைபோல இருந்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் பிடி தளர்ந்தது. கூடையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்தாள். லோவ்ரேவுக்கு நெஞ்சு நிறைந்தது. படத்தைச் சுருக்கினால் தூரம் மட்டுமல்ல, பாறையும் மணல்திட்டும்கூடத் திரையிலிருந்து மறையும். இதையே கேள்வியாகக் கேட்டு எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். சுருக்கிய படத்தை அப்படியே கொண்டுவந்து தாங்கியில் மாட்டிவிட்டுச் சீட்டியடித்தார்.

கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து குரல் வந்தது.

"லோவ்ரே, தண்ணி பச்சையா மாறுது. பரவாயில்லையா?"

அவர் குனிந்து டேப்லெட்டைப் பார்த்தார். "இங்க வெள்ளையாத்தான் இருக்கு."

"கீழ புல்லு தெரியுது."

"வெள்ளைன்னா ஆழம், துன்யா."

"ஒரு மீன் படுத்திருக்கு. அது என்னையே பாக்குது."

வெள்ளைக்கு என்ன பொருள் என்று அவர் மறுபடி விளக்கத் தொடங்கும்போது, படகு பெருமூச்சு விட்டதுபோல மணலில் ஏறி நின்றது. அத்திப்பழங்கள் தளமெங்கும் உருண்டன. லோவ்ரேவின் தொப்பி கண்வரை இறங்கியது. இயந்திரத்தைப் பின்னுக்குக் கொடுத்தார். சேறுதான் கிளம்பியது. அணைத்தார். சுற்றிலும் கரையே எட்டாத கடல், நடுவே அசையாத ஒரு படகு.

நிமிர்ந்து முன்தளத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "மன்னிச்சிரு" என்றார், டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே. "இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"இது தரையா?"

"மணல்திட்டு."

"அப்ப இறங்கலாம்."

அவர் தடுப்பதற்குள் துன்யா செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையை முடிந்துகொண்டு, கம்பியைத் தாண்டி இறங்கிவிட்டாள். முழங்கால் அளவு தண்ணீர். ஓரடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் அட்ரியாட்டிக் நடுவே காய்கறிச் சந்தைக்குப் போவதுபோல நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாரம் குறைந்த படகு மெல்ல ஆடியது. காற்று அதைத் தள்ள, அடிப்பகுதி மணலை விட்டுக் கிளம்பியது.

"துன்யா, படகு கிளம்புது. வா."

அவள் திரும்பினாள். "நான் இறங்கினதும் கிளம்புதா? நல்ல மரியாதை."

இருவருக்கும் நடுவே பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டிருந்தது. லோவ்ரே வயிற்றைக் கம்பியில் அழுத்திக்கொண்டு கொக்கிக் கம்பை முடிந்தவரை வெளியே நீட்டினார். தொப்பி தண்ணீரில் விழுந்து மிதந்துபோனது. அவர் அதைப் பார்க்கவில்லை. துன்யா இடுப்பில் கைவைத்தபடி, நடுங்குகிற அந்தக் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.