பலவீனமான பங்களா

குற்றாலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் சீசனுக்கு வந்து தங்கக் கட்டிய பங்களா ஒன்று உண்டு. அவர்கள் போன பின் அது பல துறைகளுக்கான அரசு அலுவலகமானது. பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியதும் பழையதை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்வதென்று முடிவானது. அது பலவீனமாக இருக்கிறது என்று சான்று தரும் வேலை பொறியாளர் வேல்விழிக்கு வந்தது.

போய்ப் பார்த்தாள். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய, இரண்டடி கனமுள்ள சுவர். தேக்கு உத்திரத்தில் செல்லரிப்பே இல்லை. காற்று மட்டும் வந்து சாரல் வெளியே நிற்கும்படி ஜன்னல்களுக்கு மேல் சரிவான ஓட்டுக்கூரை.

"சார், இது இன்னும் நூறு வருசம் நிக்கும்," என்றாள் மேலதிகாரி குற்றாலிங்கத்திடம்.

"நிக்கும்மா, யாரு இல்லைன்னா? ஆனா இடிக்கணும்லா. பலமா இருக்குன்னு எழுதுனா எப்படி இடிக்க?"

பங்களா பலவீனமா என்று தீர்மானிக்கும் கூட்டம் புதுக் கட்டடத்து மாடியில் நடந்தது. சாரல் பிடித்துக்கொண்டதும் கூரை ஒழுகி மேசையெல்லாம் நனைந்தது. அதிகாரிகள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார்கள். அங்கே ஒரு சொட்டு இல்லை. சுக்குக் காப்பி குடித்தபடி, பங்களா பலவீனமானது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வேல்விழியும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இடிக்கும் வேலையைச் சுரண்டை ஊர்க் காண்ட்ராக்டர் பாண்டிராஜ் எடுத்திருந்தார். முன்வாசல் வளைவு விழுந்தது. அடுத்த சுவரில் ஜேசிபியின் பல் முறிந்தது. வேறு மாட்டினார், அதுவும் முறிந்தது.

"பலவீனம்னு நீங்க எழுதுனத நம்பித்தான வந்தேன் மேடம்? இப்ப என் மிசினுல்லா பலவீனமாப் போச்சு!" என்று கத்திவிட்டு, மேலிடத்துக்குப் புகாரும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பலமான கட்டடத்தைப் பலவீனமானது என்று சொன்னது ஏன் என விளக்கம் கேட்டு வேல்விழிக்கு மெமோ வந்தது. அதை நீட்டியவர் குற்றாலிங்கம்.

"கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்திருங்கம்மா. முடிஞ்சிரும்."

"நல்லாக் கவனிச்சுத்தான சார் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் பக்கத்துலதான நின்னிய?"

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். அவளை ஆலங்குளத்துக்கு மாற்றினார்கள். மனசு லேசாகிவிட்டது.

பொறுப்பை ஒப்படைக்க வந்த அன்று, புதுக் கட்டடம் பழுதுபார்ப்புக்காகப் பூட்டிக் கிடந்தது. அலுவலகம் பங்களாவுக்கே திரும்பியிருந்தது. வாசலில் பெரிய பலகை: 'பலவீனமான கட்டடம். உள்ளே நுழையாதீர்.' அதை எடுக்க இன்னும் உத்தரவு வரவில்லையாம். பட்டா கேட்டு வந்த மாரித்தாய் என்ற பெண், பலகையைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"உள்ள போலாமாக்கா?"

"தைரியமாப் போங்க," என்றாள் வேல்விழி. "அத எழுதச் சொன்னவங்களே உள்ளதான் இருக்காங்க."