தகட்டில் அவள் பார்த்த பக்கம்

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் உலோகத் தகட்டில் போட்டோ எடுக்கும் தகட்டுக்காரனுக்கு வழக்கம்போல வயிறு எரிய ஆரம்பித்தது. பல் டாக்டர் வேறு யாருமில்லை, அவனுடைய சகலை. மனைவியின் அக்கா புருஷன். போகிற இடமெல்லாம் ஜனங்களைச் சிரிக்க வைக்காவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. ஊரார் வாயைத் திறந்தால்தானே அவருக்குப் பிழைப்பு என்று தகட்டுக்காரன் மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறான். வெளியே சொன்னதில்லை. சொன்னால் அதையும் சகலை தன் ஜோக்காக ஆக்கிக்கொண்டுவிடுவார்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தகட்டுக்காரனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் பாத்திரம் கழுவிக்கொண்டே நினைத்து நினைத்துச் சிரிப்பாள். "அத்தான் என்ன சொன்னாரு தெரியுமா" என்று அவள் ஆரம்பித்தால் அவனுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. ஒருமுறை அவனும் ஒரு ஜோக்கைப் பிடித்து, தனியாக நாலு தரம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்து அவளிடம் சொன்னான். அவள் கடைசிவரை அக்கறையாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ரயில். தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் வர முடியாது. ஸ்டேஷனில் கொண்டுபோய் விடக் கார் வைத்திருப்பவரும் அத்தான்தான், வேறு யார்? போவதற்கு முன்னால் தன்னை ஒரு தகட்டில் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அவளே கேட்டிருந்தாள். ஊரில் உள்ள குடும்பத்தையெல்லாம் தகட்டில் ஏற்றிச் சுவரில் மாட்டிக் கொடுத்தவன், சொந்தப் பெண்டாட்டியை ஒருநாள் கூட அந்த முக்காலியில் உட்கார வைத்ததில்லை.

"போன்லதான் உன் போட்டோ ஆயிரம் கிடக்குதே" என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"போன்ல இருக்கறது போனோட போயிடும். தகடுன்னா உங்க பேரப்பிள்ளைங்களும் பாக்கலாம், கீழ போட்டாக்கூட உடையாதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் போனா?"

தகட்டுப் படம் பாதி அவசரம், பாதி பொறுமை. கறுப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய உலோகத் தகட்டில் பசை மாதிரியான மருந்தை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்தாக வேண்டும். எதிரே இருப்பவர் பத்து எண்ணும்வரை சிலையாக உட்கார வேண்டும். பிறகு உள்ளே ஓடிக் கழுவினால் தகட்டிலேயே முகம் எழும்பும். நெகட்டிவ் கிடையாது, இன்னொரு பிரதி கிடையாது. அந்தத் தகடு போனால் அந்தப் படம் போனதுதான்.

இன்னொரு விசேஷம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித்தான் படம் விழும். "என் வகிடு இந்தப் பக்கம் இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைச் சமாளிக்க அவன் ஒரு பிரசங்கமே மனப்பாடமாக வைத்திருந்தான்.

கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நேராக முக்காலியின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கேமரா. அதன் பின்னால் நின்று பார்த்தால் வலப் பக்கம் தெருக்கதவு, இடப் பக்கம் இருட்டறைத் திரை. லென்ஸ் மூடியைக் கழற்றியதும் திரைப் பக்கமாக ஒதுங்கி நின்று எண்ணுவது அவன் பழக்கம். பல் டாக்டர் கதவில் சாய்ந்துகொண்டார்.

"நான் ஓரமா நிக்கறேன் சகலை. மூச்சுக்கூட விடமாட்டேன்."

விடாமல் இருந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டே தகட்டுக்காரன் மனைவியின் தலைக்குப் பின்னால், தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கவட்டையைப் பொருத்தினான். "அசையாத. சிரிக்காத. சிரிச்சா உதடு நடுங்கிப் படம் கலங்கிடும்."

"ரெண்டு வருஷமும் உர்ருனு ஒரு மூஞ்சியையா பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க?"

"மச்சினி" என்றார் கதவுப் பக்கத்திலிருந்து பல் டாக்டர், "வலிச்சா கையத் தூக்கு."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கவட்டை நகர்ந்தது. தகட்டுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பொருத்தினான். தகடு காய்ந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினான். ஒன்று. இரண்டு. எண்ணும்போது உட்கார்ந்திருப்பவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மூன்றாவது எண்ணில் கதவோரம் என்னவோ அசைந்தது. பல் டாக்டர் கன்னத்தை உப்பிக்கொண்டு, காதை இழுத்துக்கொண்டு கோணங்கி பண்ணிக்கொண்டிருந்தார். நாலிலிருந்து பத்துவரை தகட்டுக்காரன் அவரை முறைத்துக்கொண்டேதான் எண்ணினான்.

இருட்டறையில், கழுவும் தட்டில், பால்போல் மூடியிருந்த படலம் விலகி அவள் முகம் மேலே வந்தது. அவ்வளவு அழகான படத்தை அவன் அதுவரை எடுத்ததில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு, நடுக்கமே இல்லாமல். பத்து எண்ணும்வரை ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கண்கள் லென்ஸைப் பார்க்கவில்லை. வலப் பக்கம் பார்த்தன.

வலப் பக்கம் கதவு. கதவில் பல் டாக்டர்.

இதையா இரண்டு வருஷம் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு பார்ப்பது? காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன்பும், இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிக்கும் முகத்தையா? பொறாமை தலைக்கேறிக் காது சுட்டது. வார்னிஷ் பூசாத ஈரப்படம் தயிராடை மாதிரி, அழிக்கத் துணிகூடத் தேவையில்லை. கட்டைவிரலால் ஒரே இழுப்பு. கண் போனது. இன்னொரு இழுப்பில் சிரிப்பும் போனது.

"கறை விழுந்துடுச்சு" என்றான் வெளியே வந்து. "இன்னொண்ணு எடுக்கணும். சகலை, நீங்க போய்ப் பெட்டிய கார்ல ஏத்துங்க."

இந்தத் தடவை ஸ்டூடியோவில் அவர்கள் இருவர் மட்டும். "லென்ஸ மட்டும் பாரு" என்றான். பார்த்தாள். அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவள் மாதிரி பார்த்தாள். எண்ணி முடித்ததும், கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள்.

கழுவிய தகட்டை வெளியே கொண்டுவந்து சாய்த்து வைத்தபோது பல் டாக்டர் திரும்பி வந்துவிட்டார். குனிந்து பார்த்தார்.

"அம்சமா இருக்கு சகலை. ஆனா, மச்சினிக்கு மச்சம் இடது கன்னத்துலதானே? இது வலது கன்னத்துக்குப் போயிருக்கே?"

தகட்டுக்காரனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. சகலைக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது! தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தான்.

"தகடு கண்ணாடி மாதிரி சகலை. இடது வலதாகும், வலது இடதாகும். மச்சம் மட்டுமில்ல. வகிடு, சட்டைப் பட்டன், ஏன், பாக்கற பார்வைகூட அப்படித்தான். இப்ப ஒருத்தர் படத்துல வலப் பக்கம் பாத்தா, நெஜத்துல அவர் பாத்தது இடப் பக்…"

அதோடு நின்றுவிட்டான்.

"இடப் பக்கம். சரி, அப்புறம்?" என்றார் பல் டாக்டர்.

இடப் பக்கம் இருட்டறைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவன் எப்போதும் நின்று எண்ணும் இடம் காலியாக இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கைப்பையோடு வந்தாள். "என்னாச்சு?"

"மொதல்ல எடுத்தப்ப… நீ எங்க பாத்த?"

"உங்களத்தான். ரெண்டு வருஷம் பாக்க முடியாதே, பத்து எண்ணுற வரைக்குமாவது பாத்துக்கலாம்னு பாத்தேன். நீங்க என்னடான்னா அத்தான மொறச்சுக்கிட்டு நின்னீங்க. எப்பதான் திரும்புவாருன்னு எனக்குச் சிரிப்பு."

"ஆமா சகலை" என்றார் பல் டாக்டர் குறைப்பட்டுக்கொண்டு. "அவ்ளோ கோணங்கி பண்ணேன், இவ திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"அந்தப் படம் ரொம்பவா கெட்டுப்போச்சு?" என்று கேட்டாள் அவள். "காட்டுங்களேன்."

தகட்டுக்காரன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். "அதுல ஒண்ணும் தெரியல" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. கூரைக் கண்ணாடியில் வெயில் போய்விட்டிருந்தது. இன்னொரு தகடு எடுக்க வெளிச்சமும் இல்லை, நேரமும் இல்லை.

"போகட்டும் விடுங்க" என்றாள். "இதுல லென்ஸத்தானே பாத்திருக்கேன். நீங்க எங்க நின்னாலும் உங்களப் பாக்கற மாதிரிதான் இருக்கும்."

ஸ்டேஷனில் ரயில் அசைந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் கையை ஆட்டிக்கொண்டே என்னவோ சொன்னார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்ன ஜோக் என்று தகட்டுக்காரனுக்குத் தெரியாது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ண ஆரம்பித்தான். ஏழு எண்ணுவதற்குள் ஜன்னல் போய்விட்டது.