பெட்ரோலில் தீர்த்தம்

அன்று காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டை வீட்டு மோட்டார் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: வண்டிக்குச் சொந்தக்காரர் திருஞானசம்பந்தம் பிள்ளை, அவருடைய அக்காள் பிரம்மநாயகி, பூசை செய்ய வந்த பட்டர், பந்தய விதிப்படி நாள் முழுதும் வண்டியை விட்டு நகராமல் இருக்க வேண்டிய சாட்சியான மராமத்து ஓவர்சியர் ஐயம்பெருமாள், காவல்காரன் பூதலிங்கம்.

வண்டியைப் பழுது பார்க்கும் பிட்டர் பவுல்ராஜ் இந்தப் பட்டியலில் கிடையாது. அந்த வண்டியின் ஒவ்வொரு மரையும் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன். அவனை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, தை மாதம். ஜில்லாவில் மோட்டார் வைத்திருந்த ஐந்து பேர் சங்கமாகச் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள். பாளையங்கோட்டை மைதானத்தில் தொடங்கி பாபநாசம் பங்களாவில் முடிகிற பந்தயம். ஐவரில் மூவர் துரைமார், ஒருவர் தூத்துக்குடி வியாபாரி, மீதி ஒருவர் நம்முடைய பிள்ளை. வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை; நிற்காமல் போவதற்குத்தான் அதிகம். வண்டி வழியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், நின்ற காரணத்தைச் சாட்சியின் புத்தகத்தில் எழுதி, அதன் கீழே பிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். சாயந்திரம் பங்களாவில் எல்லார் முன்னாலும் அதை வாசிப்பார்கள்.

பவுல்ராஜுக்குப் பரிசைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் கவலை. அவன் உவரிக்காரன். பதினான்கு வயதில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய், நீராவிப் படகில் கரி அள்ளி, பிறகு எஞ்சின் வேலை பழகி, பிறகு மோட்டாருக்கு வந்தவன். படகின் பாய்லர் ஒரு தரம் வெடித்தபோது, அவனோடு கரி அள்ளிய ஹென்றியைப் பற்றிக் கப்பித்தான் குறிப்பேட்டில் ‘கவனமில்லாதவன்’ என்று ஒரு வார்த்தை எழுதினான். பாய்லர் வெடித்ததற்குக் காரணம் கப்பித்தான் வாங்கிப் போட்ட மட்டமான குழாய். அதை யாரும் எழுதவில்லை. ஹென்றி இப்போது உவரிக் கரையில் கருவாடு காயப்போடுகிறான். எஞ்சின் பக்கம் அவனை எவனும் சேர்ப்பதில்லை.

அதனால் பவுல்ராஜ் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவைக் கழற்றித் துடைத்தான், பிரேக்குக்குப் புதுத் தோல் தைத்தான், வால்வுகளை அரைத்து உட்கார வைத்தான். கடைசி வேலை பெட்ரோல். அதை விடிந்ததும்தான் ஊற்றுவான். முன் சீட்டின் மெத்தையைத் தூக்கினால் தொட்டியின் வாய். அதில் புனலை வைத்து, புனலுக்குள் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்து, டின்னிலிருந்து பைய ஊற்ற வேண்டும். தோல் வழியாகப் பெட்ரோல் இறங்கிவிடும். தண்ணீர் இருந்தால் மேலேயே தங்கிவிடும்.

மூன்று டின் ஊற்றியிருந்தான். நாலாவதைத் திறக்கும்போது பட்டர் வந்துவிட்டார்.

“அது என்னவே புனல்ல?”

“தோலு சாமி. பெட்ரோல் வடிகட்டுததுக்கு.”

“பூசையில தோல் ஆகாது. எடுத்துரச் சொல்லுங்கோ.”

“எடுலே,” என்றார் பிள்ளை. “நீயும் செத்த வெளியே நில்லு. பத்து நிமிசம்.”

“வாயைத் திருகி மூடிட்டுப் போறேன் முதலாளி.”

“நேரமாயிட்டு. யாரு எடுத்துட்டுப் போகப்போறா? நில்லு போ.”

தோலைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். உள்ளே மணி அடித்தது. சந்தன வாசனையும் கற்பூர வாசனையும் பெட்ரோல் வாசனையோடு கலந்து வந்தன. தொட்டி திறந்திருக்க இவ்வளவு பக்கத்தில் கற்பூரம் காட்டுகிறார்களே! நெருப்பை மட்டும்தான் அவன் நினைத்தான். நல்லவேளையாக நெருப்புப் பிடிக்கவில்லை. கூப்பிட்டதும் உள்ளே ஓடி, நாலாவது டின்னைத் தோலில் வடித்து ஊற்றி, மூடியைத் திருகினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிளம்பிவிட்டார்கள்.

எட்டு மணிக்கு மைதானத்தில் கொடி விழுந்தது. பிள்ளை ஓட்ட, பக்கத்தில் பவுல்ராஜ், பின்னால் புத்தகமும் பென்சிலுமாக ஐயம்பெருமாள். மேலப்பாளையம் வரை வண்டி தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓடியது. பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. தூத்துக்குடிக்காரரைக் கடந்தபோது, “அண்ணாச்சி, தூசிக்கு மன்னிக்கணும்,” என்று கத்தினார்.

பத்தமடை தாண்டியதும் சாலை கெட்டது. குண்டும் குழியுமாக வண்டி குலுங்க ஆரம்பித்தது. எஞ்சின் ஒரு தரம் இருமியது. பிறகு இரண்டு தரம். சேரன்மகாதேவிக்கு ஒரு மைல் இருக்கும்போது, வயலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், ஒரேயடியாக நின்றது.

பவுல்ராஜ் குதித்து இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கினான். பிளக்கில் பொறி இருந்தது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தான். பெட்ரோல் என்றால் ஊதினால் பறந்துவிடும். இது கையிலேயே நின்றது. அடியில் தங்கியிருந்தது சாலை குலுங்கியதும் கலங்கிக் குழாயில் ஏறியிருக்கிறது.

“என்னலே ஆச்சு?”

“தண்ணி முதலாளி.”

“ரேடியேட்டர்லயா?”

“பெட்ரோல்ல.”

தொட்டிக்கு அடியில் குழாயைக் கழற்றி, வலைச் சல்லடையை உருவினான். அதில் ஒரு வில்வ இலை ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே குழைந்த திருநீறு. அதைப் பிள்ளையிடம் நீட்டினான்.

பிள்ளை இலையைப் பார்த்தார். ஐயம்பெருமாள் வயலைப் பார்த்தார்.

“ஓவர்சியரே, நீரு அங்கனதானே நின்னீரு?”

“நின்னேன். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன் வே. திறந்து பாக்கையில கற்பூரம் காட்டியாச்சு.”

“அக்காதான்,” என்றார் பிள்ளை, தனக்குள் பேசுவதுபோல. “குறுக்குத்துறை ஆத்துல இருந்து தீர்த்தம் கொண்டாந்தா. நீ தெனமும் வண்டிக்குத் தண்ணி ஊத்துததைப் பாக்கால்லா. புனல் இருந்துச்சு, ஊத்திட்டா.”

பவுல்ராஜ் வண்டிக்கு அடியில் குனிந்தான். டின்களை அடியில் வைத்து, தொட்டியை வந்த மட்டும் இறக்கினான். பிளக்குகளைக் கழற்றிச் சட்டையில் துடைத்து வெயிலில் வைத்தான். இறக்கிய பெட்ரோலைத் தோல் வழியாகத் திரும்பத் தொட்டியில் ஊற்றினான். ஒரு செம்புத் தண்ணீர் தோலின் மேல் தனியாக நின்று மினுங்கியது. அதை வரப்போரம் கொட்டினான். அதற்குள் எஸ்டேட் துரை ஒருவன் தொப்பியை ஆட்டிக்கொண்டு கடந்து போனான். தூத்துக்குடிக்காரரும் போனார். அவர் மரியாதை பார்த்து ஒன்றும் கத்தவில்லை.

இருபத்திரண்டு நிமிடத்தில் எஞ்சின் உறுமியது. ஐயம்பெருமாள் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

“காரணம் என்னன்னு எழுத?”

“பிட்டர் கவனக்குறைவு,” என்றார் பிள்ளை. “பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டு. அவ்வளவுதான். எழுதும்.”

பவுல்ராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

“நான் கலக்கல முதலாளி.”

“தெரியும்லே. வேற என்ன எழுதச் சொல்லுத? வெள்ளைக்காரனுவ நடுவுல, ஒரு பொம்பள எண்ணெய்த் தொட்டியில அபிசேகம் பண்ணிட்டான்னு வாசிக்கணுமா? பத்து வருசத்துக்குச் சிரிப்பானுவ. நம்ம ஆளுக்கு எதுக்குடா மோட்டாருன்னு கேப்பானுவ.”

“கேக்கட்டும்.”

“உனக்கு என்ன நட்டம்? நான் உன்னை வேலையை விட்டா நிப்பாட்டப் போறேன்? என்கிட்டயே இரு. ஆயுசுக்கும் இரு.”

“ஆயுசுக்கும் உங்ககிட்ட மட்டும்தான் இருக்க முடியும். வேற எவனும் சேக்க மாட்டான். தோலை எடுக்கச் சொன்னிய, எடுத்தேன். வெளியே போகச் சொன்னிய, போனேன். மூடிட்டுப் போறேன்னேன், வேண்டாம்னிய. இதுல என் கவனம் எங்கன குறைஞ்சுது?”

“ஏலே, எதுத்தா பேசுத? இங்கனயே இறக்கி விட்டுட்டுப் போயிருவேன்.”

“விட்டுட்டுப் போங்க. தொட்டி மூலையில இன்னும் நாலு சொட்டுக் கிடக்கும். அம்பாசமுத்திரம் தாண்டி ஏத்தத்துல திரும்ப நிக்கும். நீங்களே இறங்கிக் கழத்துங்க.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்க வே,” என்றார் ஐயம்பெருமாள். “நிமிசம் ஏறுது. எனக்கு வேண்டியது ஒரு காரணம், ஒரு கையெழுத்து. காரணம் நல்லதா கெட்டதான்னு நான் பாக்கக் கூடாது.”

பவுல்ராஜ் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினான். பிள்ளை தடுக்கவில்லை, கூலிக்காரன் அப்படிக் கையை நீட்டுவான் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. உவரிக் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, பெரிது பெரிதாக இருந்தது. ‘பெட்ரோல் தொட்டியில் ஒரு செம்பு தீர்த்தம் ஊற்றப்பட்டது. வடிகட்டும் தோலை எடுக்கச் சொல்லி, அந்நேரம் பிட்டரை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.’ கீழே பெயர். யார் ஊற்றியது என்று எழுதவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

பிள்ளை அவனை இறக்கி விடவில்லை. ஏற்றம் முன்னால் கிடந்தது. அவன் சொன்னபடியே அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் எஞ்சின் மறுபடி இருமியது. பவுல்ராஜ் இறங்கி, மூன்றே நிமிடத்தில் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்து மாட்டினான். ஐந்துக்குள் முடிந்ததால் அதை எழுத வேண்டியிருக்கவில்லை.

நாலாவதாக வந்தார்கள். பங்களாத் தாழ்வாரத்தில் சங்கத்துச் செக்ரட்டரி துரை புத்தகங்களை வாசித்தான். தமிழில் இருந்ததைக் குமாஸ்தா இங்கிலீஷில் சொன்னான். பிள்ளை சொன்னது போலவே எல்லாரும் சிரித்தார்கள். நாளைக்குத் தன் வண்டிக்கும் ஒரு செம்பு அனுப்பி வைக்கும்படி ஒருவன் கேட்டான். பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். படிக்குக் கீழே நின்ற பவுல்ராஜுக்கு அந்தச் சிரிப்பைக் காணச் சகிக்கவில்லை. ஆனாலும் எழுதியதற்கு அவன் வருத்தப்படவில்லை. இதே சிரிப்பைத்தான் ‘கவனமில்லாத பிட்டர்’ என்று வாசித்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். அப்போது அந்த வார்த்தை அவனோடு ஊர் ஊராக வந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் வண்ணார்பேட்டைக்குத் திரும்பினார்கள். வண்டியைக் கொட்டகையில் விட்டதும் பிள்ளை சொன்னார்:

“சங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. எழுதினது பொய், ஆத்திரத்துல எழுதிட்டேன்னு. வேலையில இருக்கலாம்.”

“முடியாது முதலாளி.”

“அப்போ இன்னைக்கே கிளம்பு.”

சத்தம் கேட்டுப் பிரம்மநாயகி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் தம்பியைத்தான் முறைத்தாள்.

“ஊத்துனது நான்தான். அதை ஏன் மறைக்க? சாமி தண்ணிதானே, சாக்கடைத் தண்ணியா?”

“அக்கா, நீ உள்ள போ.”

அவள் போகவில்லை. பவுல்ராஜ் பக்கம் திரும்பினாள். “அதுல ஊத்தக் கூடாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாலே?”

“நான் வெளியே நின்னேன் அம்மா.”

அவள் முகத்தைத் தொங்கப் போடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பவுல்ராஜ் தன் சொந்தச் சாமான்களை மட்டும் பொறுக்கினான்: மூன்று ஸ்பானர், ஒரு அரம், மரப்பிடி போட்ட சுத்தியல். பிள்ளைக்குச் சொந்தமான கருவிகளை எண்ணெய் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தான். எதையும் குறை வைத்துவிட்டுப் போனான் என்று ஒருவன் சொல்லக் கூடாது.

“முன்னால வலது சக்கரத்துல சத்தம் இருக்கு. பிரிச்சுப் பாக்காம வெளியே எடுக்காதீங்க,” என்றான்.

“அதை நான் பாத்துக்கிடுதேன்.”

“பாத்துக்கிடுங்க.”

அவன் வாசல்படியைத் தாண்டி வெயிலில் இறங்கினான். பிள்ளை பக்கத்துக் கதவு வழியாக வீட்டுக்குள் போய்விட்டார். பூதலிங்கம் அவன் முதுகைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, குறுக்குக் கம்பியைப் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினான்.